ஒன்றரை வேகத்தில் நான்

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் நடத்திய பாடத்தை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வகுப்பின் முன்சுவரில் ஒரு பெரிய திரை. அதில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் பவுடர் திட்டுத் திட்டாகத் தெரிய, நான் காவிரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். குரல்தான் என்னுடையதாக இல்லை. ஒரே கீச்சுக் குரல். வாய் படபடவென்று அடித்துக்கொள்கிறது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கல்லணை வந்துவிட்டது.

திரையை ஓட்டுவது ஹரிஷ் என்ற மாணவனின் பொறுப்பு. எழுந்து போய் அவனிடம் கேட்டேன்.

"ஏம்ப்பா, இது ஏன் இப்படி ஓடுது?"

"ஒன்றரை ஸ்பீடுல வச்சிருக்கேன் சார். அப்பதான் ஒர்க்‌ஷீட் முடிக்க டைம் இருக்கும்."

பிறகு ரொம்ப மரியாதையாகச் சேர்த்துக்கொண்டான். "நார்மல்ல வச்சா தூக்கம் வருது சார்."

அவன் குத்திக்காட்டவில்லை. நல்ல பையன். உள்ளதைச் சொன்னான். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாலு வாக்கியத்துக்கு ஒரு தரம் "புரியுதா?" என்று கேட்பேன். திரையில் இருந்தவனுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. "புரியுதா?" என்றான். வகுப்பு மொத்தமும் திரையைப் பார்த்து, "புரியுது சார்" என்று ஒரே குரலில் சொல்லிற்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

அன்றைக்கு நான் செய்த ஒரே வேலை வருகைப் பதிவு எடுத்தது.

பேச ஆள் வேண்டும்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும், புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். நான் புவியியல் ஆசிரியன். வீடு ஸ்ரீரங்கத்தில். கல்லூரி கே.கே. நகர் தாண்டி. பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்கு வேலை இருக்கிறது.

தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது கீழே எட்டிப் பார்ப்பேன். மணல் தெரிகிறதா, தண்ணீர் எந்தக் கரையை ஒட்டி ஓடுகிறது, நாணல் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதையே அன்றைக்கு வகுப்பில் போய்ச் சொல்வேன். பாடத்திட்டத்தில் அது இருக்காது. ஆனாலும் சொல்வேன்.

என் மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. "உங்களுக்குப் பேச ஆள் வேணும். வீட்ல நான் கேக்க மாட்டேங்கிறேன்னுதான் அங்க ஒரு ரூம் நிறையப் பிள்ளைங்கள உக்கார வச்சிருக்காங்க" என்பாள்.

விரிவுரை என்பது ஏதோ புனிதமான காரியம் என்று சிலர் மேடையில் உருகுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். நான் படித்த காலத்தில் என்னை மயக்கிய பேராசிரியர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர்கூட இல்லை. ஒருவர் மணி அடித்ததிலிருந்து மணி அடிக்கிறவரை கரும்பலகையோடுதான் பேசுவார். அவர் முதுகு எனக்கு இன்றும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, முகம்தான் வரவில்லை.

இன்னொருவர் நோட்ஸ் சொல்லுவார். கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாவற்றையும் வாயால் சொல்லுவார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அரைத் தூக்கத்தில் "கமா" என்பதையும் எழுத்தில் எழுதிக்கொண்டான். பரீட்சையிலும் அப்படியே எழுதினான். பாஸாகிவிட்டான். இப்போது தில்லை நகரில் பெரிய ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான்.

அதனால் "லெக்சர் வேண்டாம்" என்று எங்கள் கல்லூரி முடிவெடுத்தபோது, அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் பூரா பயிற்சி வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் கேட்பவர் மூளை எப்படி மூடிக்கொள்கிறது என்பதைக் காலையிலிருந்து மதியம்வரை பேசிக்கொண்டே இருந்தார். எங்கள் மூளைகள் மூடிக்கொண்டன. கடைசியில் "எனி டவுட்?" என்றார். சாப்பாட்டுக்குப் போனோம்.

பச்சைத் துணி

கொரோனா முடிந்து கல்லூரி திறந்த வருஷமோ, அதற்கு அடுத்ததோ, பழைய கெமிஸ்ட்ரி லேபைத் தட்டி ஸ்டூடியோ ஆக்கினார்கள். சுவரில் பச்சைத் துணி. ஆசிட் வாடை மட்டும் போகவில்லை. அந்தக் கோடையில் என் பாடம் முழுவதையும் அங்கே நின்று பேசிப் பதிவு செய்தேன்.

மாணவர்கள் வீடியோவைப் பார்ப்பார்கள், வகுப்பு நேரத்தில் ஒர்க்‌ஷீட் செய்வார்கள், கலந்து பேசுவார்கள் என்பது திட்டம். வீட்டில் ஒருவனும் பார்த்துவிட்டு வரவில்லை. ஆகவே வகுப்பிலேயே வேகமாக ஓட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் ஒர்க்‌ஷீட்டை ஒருவன் எழுத மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள்.

வீடியோ எடுத்தவர் பொறுமைசாலி. "சார், கை ஃபிரேமுக்கு வெளிய போகுது" என்று அடிக்கடி நிறுத்துவார். ஆற்றைக் கையால் வரைந்து காட்டாமல் எனக்குப் பேச வராது. கையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பேசினேன். "புரியுதா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டால், பாவம், அவர் தலையாட்டுவார்.

எல்லாம் முடிந்து போட்டுக் காட்டினார். என்னவோ குறைகிற மாதிரி இருந்தது.

"நீங்க யோசிக்கிற இடத்தையெல்லாம் கட் பண்ணிட்டேன் சார். இப்ப ஸ்மூத்தா இருக்கு பாருங்க" என்றார்.

யாரு சார் சொல்லியிருக்கா?

என் துறையில் நசீமா என்று ஒரு ஆசிரியை. எனக்குப் பல வருஷம் இளையவர், ஆனால் என்னிடம் முகத்துக்கு நேரே பேசுகிற ஒரே ஆள். திரையில் என்னை நானே பார்த்த அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் புலம்பினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு நிம்மதி சார். எல்லா செக்‌ஷனுக்கும் ஒரே பாடத்தைக் கத்திக் கத்தி, வீட்டுக்குப் போனா எம் பொண்ணுகிட்ட பேசக் குரல் இருக்காது. இப்ப பேசறேன். உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"மூஞ்சி பாக்க முடியலியே நசீமா. யாருக்கு எங்க விட்டுப்போச்சுன்னு மூஞ்சியில தெரியும். அங்க திரும்பிப் போவேன். எனக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதான்."

"பேசறது உங்களுக்குப் பிடிச்சிருக்கு. அவங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

சுருக்கென்றது. மறுநாளே கேட்டுவிட்டேன். வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, "நான் நேர்ல நடத்தட்டுமா, இல்ல இதுவே போதுமா? மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க" என்றேன். ஹரிஷ்தான் எழுந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம். நேர்ல உங்களை நிறுத்துங்கன்னு சொல்ல முடியுமா?"

"சொல்லியிருக்கலாமேப்பா. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"யாரு சார் சொல்லியிருக்கா இதுவரைக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை "புரியுதா?" என்று கேட்டிருக்கிறேன். "புரியல, நிறுத்துங்க" என்று ஒரு குரல் வந்ததில்லை. நான் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டதெல்லாம் உண்மைதானா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

உட்காரும்போது ஹரிஷ் ஆறுதலாகச் சொன்னான். "வீடியோல நீங்க நல்லாப் பேசறீங்க சார்."

மூன்றரை மணிக்கு மேல்

முதல்வரைப் போய்ப் பார்த்தேன். வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் நேரில் பேச விடுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் நன்றாகப் பாடம் நடத்தியவர் என்று பேர்.

"எனக்கும் பேசத்தான் சார் பிடிக்கும். என்ன பண்றது, எல்லாம் மாறிப்போச்சு. டைம்டேபிள்ல கை வைக்க முடியாது. வியாழக்கிழமை மூணரைக்கு மேல, இஷ்டப்பட்டவங்க வரட்டும். அட்டெண்டன்ஸ் கிடையாது, மார்க் கிடையாது. சரியா?"

சரி என்றேன். வரம் வாங்கியவன் மாதிரி படியிறங்கிப் போய், வகுப்பில் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க என் மனசில் ஒரே கேள்விதான். யாராவது வந்தால், நான் இவ்வளவு காலம் செய்தது ஒருவருக்காவது தேவைப்பட்ட வேலை. ஒருவரும் வராவிட்டால், சம்பளம் வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். வியாழக்கிழமை தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை மூன்றரைக்குப் போய் நின்றேன். கரும்பலகையைத் துடைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஸ்டாண்டிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஹரிஷ் பின்னால் ஒருவனை ஏற்றிக்கொண்டு போனான். மேலே பார்த்து, என்னைக் கண்டு, தலையைக் குனிந்துகொண்டான். வளாகம் காலியாயிற்று. நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"சார், கிளாஸ் இங்கதானே?"

கௌசல்யா. மூன்றாவது பெஞ்சுப் பெண். வாய் திறந்து நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்க வாசலில் நின்றாள்.

"வாம்மா, வா. வேற யாராச்சும் வராங்களா?"

"தெரியல சார். எனக்கு கிளாஸ்ல வீடியோ ரொம்ப வேகமா ஓடிருது. வீட்ல திரும்பப் பாக்கலாம்னா எங்க ஊர்ல டவர் எடுக்காது. சுத்திக்கிட்டே இருக்கும். அதான் வந்தேன்."

ஆக, என் பேச்சைக் கேட்க ஆசைப்பட்டு வரவில்லை. டவர் கிடைக்காததால் வந்திருக்கிறாள். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். வந்தாளே.

புரியல சார்

வகுப்பு நிறைய ஆள் இருக்கிற மாதிரி உரத்த குரலில் ஆரம்பித்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி, அவளுக்கு முன்னால் இருந்த பெஞ்சில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். காவிரி முக்கொம்பில் பிரிகிறது, தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவே ஸ்ரீரங்கம், மறுபடி கல்லணையில் இரண்டும் நெருங்குகின்றன என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் கேட்டேன்.

"புரியுதா?"

அவள் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். கூடச் சேர்ந்து சொல்ல ஆள் இல்லை.

"புரியல சார்."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? எழுந்து நின்றுவிட்டேன்.

"என்ன புரியலம்மா? எதுவா இருந்தாலும் கேளு."

"எங்க ஊரு லால்குடி தாண்டி சார், கொள்ளிடக்கரை. ரெண்டும் ஒரே ஆறுன்னா காவிரியில தண்ணி போறப்ப எங்க பக்கம் ஏன் வெறும் மணலாக் கெடக்கு? ஆனா வெள்ளம்னு வந்தா மட்டும் எங்க பக்கம்தான் கரை முட்டி ஓடுது."

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மேஜைமேல் ஊற்றினேன். மேஜையின் ஒரு காலுக்கடியில் புத்தகத்தை வைத்துச் சாய்த்தேன். தண்ணீர் சாய்ந்த பக்கம் ஓடிற்று. கொள்ளிடம் தாழ்வு, காவிரி மேடு, விட்டால் தண்ணீர் முழுதும் கொள்ளிடத்துக்குத்தான் போகும் என்று காட்டினேன். பிறகு டஸ்டரைக் குறுக்கே வைத்து, இதுதான் முக்கொம்பில் இருக்கிற மேலணை ஷட்டர், பாசனத்துக்காகத் தண்ணீரைப் பிடித்துக் காவிரிப் பக்கம் திருப்புகிறோம், தாங்காத வெள்ளம் வந்தால் ஷட்டரைத் தூக்குகிறோம் என்று டஸ்டரைத் தூக்கினேன். தண்ணீர் மேஜை விளிம்பில் வழிந்து என் செருப்பை நனைத்தது.

"அப்ப எங்க ஆத்துக்கு வர்றது எல்லாம் மிச்சம் மீதிதானா சார்?"

"ஆமாம்மா."

"அடப்பாவமே" என்றாள். அப்புறம் சிரித்தாள். அவள் புருவம் சுருங்கியிருந்து விரிந்ததை நான் பார்த்தேன். முகத்தில் தெரிகிறது என்று நசீமாவிடம் சொன்னேனே, அது பொய்யில்லை.

திடீரென்று கடிகாரத்தைப் பார்த்து, "ஐயோ சார், பஸ்ஸு" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் மேஜையில் தண்ணீர் ஊற்றியது வரை எல்லாம் சொன்னேன். "ஒரு புள்ளை வந்ததுக்கா இவ்ளோ கொண்டாட்டம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வழக்கத்துக்கு மாறாக முழுசும் உட்கார்ந்து கேட்டாள்.

மினி பஸ்

திங்கட்கிழமை படிக்கட்டில் கௌசல்யா நின்றிருந்தாள். எனக்காகத்தான்.

"சார், வியாழக்கிழமை இனிமே வர முடியாது சார். அன்னிக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போறதுக்குள்ள லால்குடி பஸ் போயிருச்சு. அடுத்த பஸ்ஸுல போனா எங்க ஊர் மினி பஸ்ஸும் போயிருச்சு. அப்பா வயல்ல வேலை செஞ்ச ஆளுங்களை அப்படியே விட்டுட்டு வண்டி எடுத்துட்டு வந்தாரு."

"திட்டினாரா?"

"திட்டல சார்." பை வாரை இழுத்துவிட்டுக்கொண்டு, "காலேஜ் முடிஞ்சப்புறம், யாருமில்லாத கிளாஸ்ல ஒருத்தியா என்ன பாடம்னு கேட்டாரு" என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தத் தகப்பனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? எனக்கு மகள் இருந்து, அவள் இருட்டின பிறகு வந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"மத்தியான இன்டர்வல்ல வர்றியா? தோழிங்க யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வா."

"மத்தியானம் லைப்ரரியில புக்கு அடுக்குற வேலை சார், ஃபீஸ்ல குறைப்பாங்க. அவளுங்களுக்கு வீடியோவே போதுமாம்."

அன்றே முதல்வரிடம் போனேன். வகுப்பு நேரத்திலேயே ஒரு மணி கொடுங்கள், புரியவில்லை என்று சொல்லிக் கேட்டுப் புரிந்துகொண்ட பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு ஸ்டூடண்ட்டுக்காக மொத்த டைம்டேபிளையும் மாத்த முடியுமா சார்? நீங்களே சொல்லுங்க."

வியாழக்கிழமை கல்லூரி விட்டதும் கௌசல்யா டிபார்ட்மென்டுக்கு வந்தாள். நசீமா மூலையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். கௌசல்யாவின் கையில் சின்னதாக ஒரு பென்டிரைவ், சித்தப்பா மகனிடம் கேட்டு வாங்கி வந்தாளாம்.

"சார், அந்த வீடியோவை இதுல போட்டுத் தர்றீங்களா? வீட்ல மெதுவா ஓட்டிப் பாத்துக்கறேன்."

வாங்கினேன். என் மேஜைக் கணினியில் சொருகினேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. அவள் பையை மாட்டியபடியே நின்றாள். ஒரு கண் கதவுப் பக்கம்.

கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "உனக்கு எதும்மா நல்லாப் புரியுது? வீடியோவா, நேர்லயா?"

"நேர்லதான் சார் புரியுது" என்றாள் யோசிக்காமல். "ஆனா பஸ்ஸு போயிருதே."

பச்சைக் கோடு நிறைந்தது. எடுத்துக் கொடுத்தேன். கதவுவரை போனவள் திரும்பினாள்.

"சார், இதுல தண்ணி ஊத்திக் காட்டுனது இருக்குமா?"

"இல்லம்மா. அது இதுல இல்ல."

"சரி சார். போயிட்டு வரேன் சார்."

அவள் போன பிறகு நசீமா என்னைப் பார்த்தார். மறுபடி பேப்பரில் குனிந்துகொண்டார்.

மறுநாள் அதே வகுப்பு. நான் வருகைப் பதிவு எடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஹரிஷ் வீடியோவைப் போட்டான். நீலச் சட்டைக்காரன் கையைக் கட்டிக்கொண்டு, கீச்சுக் குரலில், எங்கும் நிற்காமல் ஆற்றைச் சொல்லிக்கொண்டே போனான். சட்டென்று, "புரியுதா?" என்று கேட்டான்.

"புரியுது சார்" என்றது வகுப்பு.

நான் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தேன். கௌசல்யாவும் சொன்னாள்.